வெறுந்தண்ணி

சாம்பல்துறையில் மதுக்கடை வைத்தவர்கள் யாரும் உருப்பட்டதில்லை. ஊர்க்காரர்கள் குடிக்காதவர்கள் என்பதனால் அல்ல; குடித்தால் ஏறாது என்பதனால். ஒரு புட்டியைக் காலி செய்தவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, கோடு கிழித்தாற்போல நடந்து வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். காப்பி அங்கே தூக்கத்தைக் கலைக்காது. தலைவலி மாத்திரை போட்டால் மாத்திரை போய்விடும், தலைவலி இருக்கும். வெளியிலிருந்து உடம்புக்குள் போகும் எதுவும் தங்குவதில்லை. ஈரல் அதைப் பிடித்துக் கழுவி அனுப்பிவிடும்.

அப்படி ஒரு உடம்பு அந்த ஊருக்குத் தேவையாக இருந்தது. ஊருக்கு மேற்கே பழைய உப்பளங்கள். உலகத்தின் செத்துப்போன பாட்டரிகளையெல்லாம் ஒரு காலத்தில் அங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். குவியலில் எப்போதோ தீப்பிடித்தது. மண்ணுக்கு அடியில் புகுந்துவிட்ட அந்தத் தீயை யாராலும் அணைக்க முடியவில்லை. மேல்காற்று அடிக்கும் நாளெல்லாம் மெல்லிய ஊதா மூட்டம் ஊருக்குள் இறங்கி, கூரைகளைத் தடவிக்கொண்டு கடலுக்குப் போகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வேறு ஊர்க்காரர்கள் அதைக் கொஞ்ச நாள் சுவாசித்தாலே ஈரலும் நெஞ்சும் கெட்டுவிடும். சாம்பல்துறைக்காரர்களோ அதற்குள்ளேயே கோலம் போட்டார்கள், கல்யாணம் செய்தார்கள், பாட்டரிகளை உடைத்து உலோகம் பிரித்துப் பிழைத்தார்கள்.

அவர்களைக் காத்தது காப்பிலை. ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு குத்துச்செடி அது. இலையைக் கடித்தால் மாதுளைத் தோலைக் கடித்ததுபோல நாக்கு சுருண்டுகொள்ளும். அதைத் துவையலாக அரைப்பார்கள், இட்லி மாவில் கலப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஊறவைத்துக் குடிப்பார்கள். தெருவுக்குத் தெரு ஆளுயரக் கொப்பரை இருந்தது. கொதித்த நீரில் இலையைக் கொட்டி மூடிவைத்தால் சாறு செம்பழுப்பாக இறங்கும். அதற்கு ஊரில் பெயர் தண்ணி. வேறு பெயர் கிடையாது. குழாயில் வந்த நிறமில்லாத நீருக்குத்தான் தனிப்பெயர் வேண்டியிருந்தது: வெறுந்தண்ணி. அது குளிக்க, துணி துவைக்க, மாட்டைக் கழுவ. வாயில் வைக்கும் பொருள் அல்ல.

மேலத்தெருக் கொப்பரையைப் பார்த்துக்கொண்டவள் ஆவுடை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். இலை முற்றலா இளசா என்று தொட்டுப் பார்த்தே போடுவாள். மேலத்தெருத் தண்ணி துவர்ப்புக்குப் பேர்போனது. அவள் கணவன் லிங்கதுரை கரிசல்காட்டிலிருந்து இளவயதில் பாட்டரி ஷெட் வேலைக்கு வந்து தங்கிவிட்டவன். பிள்ளைகள் இல்லை. அவன் பேச்சுக்காரன், அவள் கேட்டுக்கொண்டே வேலை செய்பவள். அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவன் ஈரலில் கட்டி இருப்பது தெரிந்தது.

மாவட்டத் தலைநகரிலிருந்து வாராவாரம் வந்துபோகும் டாக்டர் நிலோஃபர் அதைக் கண்டுபிடித்தார். வாணியம்பாடிக்காரர். முகத்தில் வடிகட்டி மாட்டிக்கொண்டு, தோள்பையில் சொந்தக் குடிநீர்ப் புட்டியோடு வருவார். எதையும் விளக்காமல் விடமாட்டார். நோயாளி தலையாட்டினால் மட்டும் போதாது, திருப்பிச் சொல்ல வேண்டும் அவருக்கு. வெளியூர் ஆஸ்பத்திரியில் போய்த் தங்க முடியுமா என்ற பேச்சு வந்தபோது லிங்கதுரை சிரித்துவிட்டான். சாம்பல்துறை என்று சொன்னாலே யாரும் வீடு கொடுப்பதில்லை. துணியோடு விஷத்தைக் கொண்டுவருகிறார்கள் என்று பயம். அதனால் வீட்டிலேயே ஓர் அறையை பிளாஸ்டிக் திரையால் மூடி, காற்று வடிகட்டும் இயந்திரம் வைத்து, அங்கேயே வைத்தியம் செய்வதென்று முடிவாயிற்று.

மருந்து இருந்தது. நல்ல மருந்து. அது அவன் உடம்பில் தங்க வேண்டும், அவ்வளவுதான். ஏன் தங்காது என்று லிங்கதுரை கேட்டான். டாக்டர் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கேள்வி கேட்டால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

"உங்க ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மணியடிக்கிறதுக்குன்னு ஒரு ஆள் இருக்கார்னு வச்சுக்கங்க. சும்மா இருக்கிற நேரத்துல அவர் மணியடிக்கக் கூடாது. அதனால இன்னொருத்தர் அவர் கையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டே இருப்பார். துவர்ப்பான, கசப்பான சாமான் ஏதாவது உள்ள வந்தா, அது பிடிச்சிருக்கிறவர் விரலைக் கிள்ளும். அவர் கையை விட்டுடுவார். மணிக்காரர் ஓடிப்போய் மணியடிப்பார். உடனே துப்புரவு ஆளுங்க கிளம்பி வருவாங்க. செல்லுக்குள்ள அந்நியமா என்ன கிடந்தாலும் அது மேல ஒரு சீட்டை ஒட்டி, நீருல கரையற மாதிரி ஆக்கி, வெளிய தள்ளிடுவாங்க."

"காப்பிலை கிள்ளுதா?" என்றான் லிங்கதுரை.

"காப்பிலையில இருக்கிற பாலிபீனால் கிள்ளுது. மஞ்சள், வெங்காயத் தோல், டீத்தூள், நெல்லிக்காய் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. செடி நமக்காக அதைச் செய்யல. பூச்சி கடிக்குதேன்னு தனக்காகச் செய்யுது. பூச்சிக்கு அது விஷம். நமக்கு ஒரு கிள்ளு. மத்த ஊர்ல மணி எப்பவாவது அடிக்கும், அப்புறம் ஓயும். உங்க ஊர்ல ஓயறதே இல்ல."

"புகையைத் தள்ளுதாம்லா. தள்ளட்டும். மருந்தை எதுக்குத் தள்ளுதான்?"

"அவங்களுக்குப் புகையும் மருந்தும் ஒண்ணுதான். ரெண்டுமே வீட்டு ஆள் கிடையாது."

லிங்கதுரை அடுத்ததாகக் கட்டியைப் பற்றிக் கேட்டான். அது எந்தக் கணக்கில் சேர்த்தி?

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கட்டியும் அவன் செல்தான் என்றார். வழி தவறிய செல், ஆனால் வீட்டு ஆள். அதற்குள்ளும் அதே மணி, அதே துப்புரவுக்காரர்கள். அவனைக் காக்கும் அதே காவல் கட்டியையும் காக்கிறது. மணி ஓய்ந்தால்தான் மருந்து தங்கும். கட்டியும் அப்போதுதான் நிராயுதபாணியாக நிற்கும்.

அதன் பிறகுதான் அவர் பத்தியம் சொன்னார். ஆவுடையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"காப்பிலை இனிமே கூடவே கூடாதும்மா. துவையல், பொரியல், இட்லி, எதுலயும் ஒரு துணுக்கு கூட. அடுத்தது, இந்த மருந்து சிறுநீரகத்தைப் படுத்தும். அதனால நிறைய தண்ணி குடிக்கணும். குடம் குடமா குடிக்கட்டும். என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்."

"எலை கூடாது. தண்ணி நெறைய குடுக்கணும்" என்றாள் ஆவுடை.

"அவ்வளவுதான்" என்று டாக்டர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆவுடை பத்தியம் காத்ததைப்போல அந்தத் தெருவில் யாரும் காத்ததில்லை. அம்மியைக் கழுவிக் கவிழ்த்தாள். இலை பட்ட சட்டிகளையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டுப் புதுச் சட்டி வாங்கினாள். பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி, ஒரு கல்யாணப் பந்தியில் அவனுக்கென்று எடுத்துவைத்த பொங்கலை ஆசையாகக் கொண்டுவந்தபோது, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, அதில் இலை இருக்கிறது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். சண்முகக்கனிக்கு முகம் சுண்டிவிட்டது. லிங்கதுரையை அண்ணன் என்றும் அவளை மைனி என்றும் வாய் நிறையக் கூப்பிடுகிறவள் அவள்.

ஒவ்வொரு நாளும் காலையில் கொப்பரையைத் திறந்ததும், முதல் குடம் தண்ணியை ஆவுடை தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். நன்றாக இறங்கிய, செக்கச்செவேலென்ற தண்ணி. தலையைத் தாங்கிப் பிடித்து, டம்ளர் டம்ளராக ஊட்டினாள். போதும் என்று அவன் கையை ஆட்டினால், டாக்டரம்மா சொன்னதை நினைவுபடுத்தி இன்னொரு டம்ளர் கொடுத்தாள்.

மருந்து தங்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஊசி போட்ட சுவடே இல்லை. இளவயதிலிருந்து இலை தின்ற உடம்பு, வேகம் குறையக் கொஞ்சம் நாளாகும் என்று நினைத்தார். அளவைக் கூட்டினார். மறுபடியும் பார்த்தார். மறுபடியும் கூட்டினார். ஒவ்வொரு முறையும் ஆவுடையிடம் இலை கொடுத்தீர்களா என்று கேட்டார். அவள் அம்மன் மேல் ஆணையாக இல்லை என்றாள். மழைக்காலம் போய் வெயில் வந்தது. லிங்கதுரையின் கன்னத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஆனாலும் பேச்சு குறையவில்லை. தன் ஈரலைப் பற்றி ஷெட்டில் கூட வேலை செய்த ஒருவனைப் பற்றிப் பேசுவதுபோல, அவன் ரொம்பக் கண்டிப்பான ஆள், ஆபீசருக்கே கதவைத் திறக்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு வெயில்நேரத்தில் டாக்டர் வரும்போது ஜீப் வழியில் நின்றுவிட்டது. மிச்ச தூரத்தை நடந்தே வந்தார். புட்டி காலியாகிவிட்டிருந்தது. வாசலில் நிழலைப் பார்த்து உட்கார்ந்து, வடிகட்டியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.

ஆவுடைக்குப் பெருமையாக இருந்தது. டாக்டரம்மா இதுவரை யார் வீட்டிலும் வாய் நனைத்ததில்லை. துலக்கிய பித்தளைச் செம்பில் நிறைய ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள்.

டாக்டர் ஒரு வாய் குடித்தார். நாக்கு சுருண்டுகொண்டது. செம்பைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

"இது என்னம்மா?"

"தண்ணி."

"நான் தண்ணி கேட்டேன்."

"தண்ணிதான் டாக்டரம்மா. காலையில எறக்குனது."

டாக்டர் செம்பைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரைக்கு அந்தப்புறம் கட்டிலுக்குக் கீழே இருந்த குடத்தைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, அவருக்கு எது கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஆவுடை பதில் சொல்வதற்கு முன்பே அவளுக்கும் புரிந்துவிட்டது. அவள் கை தானாகப் போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.



"நான் கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். "எது தண்ணின்னு நான் கேட்டிருக்கணும்."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் அழுகிறான் என்று நினைத்து இருவரும் திரையை விலக்கிப் பார்த்தார்கள். லிங்கதுரை சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்கச் சிரிக்க விலா வலித்தது போலும், கையால் அமுக்கிப் பிடித்திருந்தான்.

"ரெண்டு பேரும் தமிழ்லதான் பேசுனிய" என்றான். "நானும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். யாரை என்ன சொல்ல?"

அன்றைக்கே குழாய்நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் டம்ளரை ஆவுடை இரண்டு முறை கீழே வைத்துவிட்டு எடுத்தாள். மாடு கழுவும் நீரைப் புருஷனுக்கு ஊட்டுகிறோம் என்று உடம்பு சொன்னது. அறிவு சொன்னதை உடம்பு கேட்கவில்லை. அவன் குடித்துவிட்டு உதட்டைச் சப்பிக்கொண்டு, சின்னப்பிள்ளையில் குடித்தது, இதற்கு ஒரு ருசியுமில்லை, அந்த ருசி மறந்தே போயிருந்தது என்றான்.

மணி ஓய்ந்தது. அடுத்த முறை ரத்தத்தில் மருந்து இருந்தது. டாக்டர் அந்த எண்ணை அவர்களிடம் காட்டும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஏனென்றால் இன்னொரு படமும் அவர் கையில் இருந்தது. கட்டி ஈரலைத் தாண்டிவிட்டது. மருந்து இனி அதைக் கொஞ்சம் தடுக்கும், நிறுத்தாது. தவறிப்போன அந்த மாதங்கள் இருந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். டாக்டர் எதையும் மறைக்காமல் அதைச் சொன்னார். விளக்கமாகத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று அவர் நினைத்தார். ஆவுடை அவரை வெறுக்காததற்கு அதுவே காரணம் என்று அவளுக்கே பிற்பாடு தோன்றியது.

லிங்கதுரை இரண்டு விஷயம் கேட்டான். வலிக்கு மருந்து இப்போது வேலை செய்யுமா? செய்யும். வெறுந்தண்ணியை நிறுத்த வேண்டுமா? வேண்டாம், அறைக்குள்ளேயே இருந்தால் போதும். அப்படியென்றால் சரி என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் அவன் தூங்கினான்.

சாம்பல்துறையில் தூக்கம் என்பது ஒரு முங்கல். உள்ளே போவார்கள், உடனே மேலே வந்துவிடுவார்கள். ஒவ்வோர் இரவும் பலமுறை விழித்து, புரண்டு, மறுபடி முங்குவார்கள். தூக்கம் என்றால் அப்படித்தான் என்று ஆவுடை நினைத்திருந்தாள். இப்போது அவன் தூங்குவதைப் பார்த்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. கூப்பிட்டால் எட்டாத தூரத்துக்குப் போனான். மூடிய இமைக்குள் கண்விழிகள் இங்கும் அங்கும் ஓடின. உதடு அசைந்தது. காலையில் எழுந்ததும், ஊருக்குப் போய்விட்டு வந்தவனைப்போல முகம் தெளிந்திருந்தது.

"ஏளா, நம்ம கொப்பரைக்குள்ள படிக்கட்டு இருக்கு" என்றான் ஒரு காலையில். "எறங்கிப் போனா எங்க ஊர்க் கண்மாய். நடுவுல நாற்காலியைப் போட்டுக்கிட்டு எங்கப்பா உக்காந்து முகம் மழிச்சுக்கிட்டு இருக்காரு. நாற்காலி முங்கல. என்னைப் பாத்து, கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிலேங்காரு."

"ஒங்கப்பா செத்துப் போனாவள்லா?"

"அது அவருக்குத் தெரியல."

அவள் இட்லித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நெசமாவா பாத்திய?"

"நெசமில்ல. அங்கன இருக்கையில நெசம்."

கனவு என்ற சொல் ஊரில் இருந்தது. ஆனால் அதற்கு ஆசை என்று மட்டும்தான் பொருள். வெளியிலிருந்து வந்த லிங்கதுரைகூட இன்னொரு பொருளை மறந்திருந்தான். வெளியூரில் வீடு வாங்க வேண்டும் என்பது ஒருவர் கனவு, மகனை மாலுமியாக்குவது இன்னொருவர் கனவு. அந்தச் சொல் முதலில் எதற்காக உண்டானது என்று ஆவுடைக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டரிடம் கேட்டாள். அவர் அன்றைக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். இருட்டியதும் மூளைக்குள் ஒரு சரக்கு ஊறும், அதுதான் உடம்பைத் தூக்கத்துக்குள் ஆழமாக இறக்கிவிடும் கயிறு என்றார். மணி ஓயாமல் அடிக்கும் ஊரில் ஈரல் அந்தக் கயிற்றையும் கழுவிவிடுகிறது. கனவு அடியில் இருக்கிறது. கயிறு அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. இத்தனை காலமும் ஊரை அவர் ரத்தத்திலும் ஈரலிலும்தான் பார்த்துவந்தார். தூக்கத்தைப் பற்றி யாரிடமும் கேட்கத் தோன்றியதே இல்லை என்று சொல்லிவிட்டுத் தன்னையே நொந்துகொண்டார்.

லிங்கதுரை ஒவ்வொரு காலையும் தான் போய்வந்த இடங்களைச் சொன்னான். பாதி நினைவிருக்கும், மிச்சத்தைக் கட்டிச் சொல்கிறான் என்று அவளுக்குச் சந்தேகம், கேட்கவில்லை. கடைசிக் காலத்தில் சொல்லத் தெம்பில்லாமல் சிரிப்பு மட்டும் இருந்தது. கிழக்கிலிருந்து கொண்டல் வீசிய ஒரு காலையில், மூட்டமெல்லாம் மேற்கே போய் வானம் கழுவிவிட்டதுபோல இருந்தபோது, கண்விழிகள் ஓடிக்கொண்டே இருந்து நின்றன. எந்த இடத்தில் நின்றான் என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு டாக்டர் ஊர்க் கமிட்டியின் முன்னால் வந்து பேசினார். கீழ்க்காற்றான கொண்டல் அடிக்கும் நாட்களில் புகை ஊருக்குள் வருவதில்லை. அந்த நாட்களிலாவது ஊர் முழுக்க வெறுந்தண்ணி குடிக்கலாம். செல்லுக்கு ஓய்வு கிடைக்கும். அந்த இடைவெளியில் மருந்து கொடுத்தால் தங்கும். இன்னும் எத்தனை பேர் உடம்பில் எந்தக் கட்டி காவலுக்குள் உட்கார்ந்து கொழுக்கிறதோ, யாருக்குத் தெரியும்? கமிட்டித் தலைவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, காற்று எப்போது திரும்பும் என்று டாக்டரம்மா எழுதித் தருவார்களா என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. காவல்காரனுக்கு லீவு கொடுக்க யாருக்கும் மனமில்லை. லிங்கதுரையைக் கொன்றதே வெறுந்தண்ணிதான் என்றும் சிலர் முணுமுணுத்தார்கள்.

ஆவுடையும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அடுத்த கொண்டல் எழுந்தபோது, கொப்பரையில் ஊருக்கு இலையைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு குழாய்நீரைக் குடித்தாள். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. காற்று தொடர்ந்து கிழக்கிலிருந்தே வந்தது, அவளும் தொடர்ந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் சோறு தின்றுவிட்டு, ஜன்னலை மூடி இருட்டாக்கிக்கொண்டு சாய்ந்தவள் இறங்கத் தொடங்கினாள். இறங்கிக்கொண்டே இருந்தாள்.

அவனைப் பார்க்கத்தான் போனாள். செத்துப்போன அப்பாவை அவன் பார்த்தான் அல்லவா, அப்படி. ஆனால் அவள் பார்த்தது ஒரு ஆட்டை. நீலக்காது ஆடு. அதன் கழுத்துக் கயிறு யார் கையிலும் இல்லை. அது ஒரு பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. அவளுக்குச் சீட்டு இல்லை. விழித்தபோது அழுதுகொண்டிருந்தாள். ஆட்டுக்காக ஏன் அழ வேண்டும் என்று புரியவில்லை.

கொண்டல் அடித்த நாளெல்லாம் போனாள். பள்ளிக்கூடம் வந்தது, பார்த்திராத ஊரின் பாலம் வந்தது, இறந்துபோன அம்மா ஒருநாள் வந்து உப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவன் மட்டும் வரவில்லை. ஏதாவது முறை இருக்குமோ, படுக்கும்போது அவனை நினைக்க வேண்டுமோ, கூடாதோ என்று டாக்டரிடம் கேட்டாள். அது மட்டும் தனக்குத் தெரியாது என்றார் அவர். யாருக்கும் தெரியாது என்றார். அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, மேல்காற்று எழும்புவதற்கு முன்பே இலைத்தண்ணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதை எத்தனை நாள் மறைக்க முடியும்? சண்முகக்கனி கதவைத் தட்டி, உள்ளே வந்து, எல்லாவற்றையும் கேட்டறிந்தாள். பொங்கலைத் திருப்பியனுப்பிய கோபமெல்லாம் எப்போதோ போயிருந்தது. பயந்துகொண்டே அவளும் குடித்துப் பார்த்தாள். கடலில் போய்த் திரும்பாத தன் மகனைப் பார்த்தாள். வாய் சும்மா இருக்குமா? அந்த வாரத்துக்குள் மேலத்தெருவுக்கே தெரிந்துவிட்டது. அடுத்த கொண்டலுக்குள் ஊருக்கே.

டாக்டரின் படங்களும் எண்களும் செய்யாததை அது செய்தது. கொண்டல் எழுந்த காலையில் ஆட்கள் கொப்பரைக்கு வரவில்லை. குழாயடியில் நின்றார்கள். சிறுபிள்ளைகளுக்குத்தான் விளங்கவைக்க முடியவில்லை; ஒரு பையன் தான் கூரைக்கு மேலே பறந்ததை யாரும் பார்க்கவில்லையா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனான். கமிட்டித் தலைவர் கடைசிவரைக்கும் வீம்பாக இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் தூங்கி எழுந்து தன் முதல் மனைவியைப் பற்றி இரண்டாவது மனைவியிடம் ஏதோ உளறி மாட்டிக்கொண்டார். டாக்டர் வாதாடவில்லை. கொண்டல் நாட்களில் பெட்டி நிறைய மருந்தோடு வந்து, தூங்கி எழுந்து முகம் தெளிந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையைப் பிடித்து ஊசி போட்டார். மருந்து தங்கியது. இரண்டு பேருக்குக் கட்டி கரைந்தது. லிங்கதுரைக்குத் தங்காத அதே மருந்துதான்.

அப்படி ஒரு நாள் பிற்பகலில், தெருவே வாய் திறந்து தூங்கி எழுந்த நேரத்தில், சண்முகக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆவுடை வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காராமல் நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தயங்கி ஆவுடை பார்த்ததே இல்லை.

"மைனி, தப்பா நெனச்சுக்கிடாதிய. நம்ம அண்ணன் வந்தாவ. எனக்கு."

ஆவுடை முறத்தை மடியிலிருந்து இறக்கிவைத்தாள்.

"ஒனக்கா?"

"நான் கூப்பிடல மைனி. நான் எம் மவனைத்தான் நெனச்சுக்கிட்டுப் படுத்தேன். கடக்கரை ரோட்டுல நிக்கேன், அண்ணன் சைக்கிள்ல வாராவ. கூப்பிட்டேன். பெல்லை அடிச்சிட்டு அங்கிட்டுப் போயிட்டாவ."

"ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லல."

"என்னைக் கேக்கலியா?"

சண்முகக்கனி நல்ல பொய்க்காரி. கேட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள், பிறகு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆவுடைக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் காத்துக்கிடந்தவள் இவள். வழியில் சும்மா நின்ற சண்முகக்கனியைத் தாண்டிப் போயிருக்கிறான் அவன். கோபம் மேலே வந்தது. வந்தது பாதியில் நின்றது. அவள் நகர்ந்து பாயில் இடம் விட்டு, சண்முகக்கனியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"மொதல்லேருந்து சொல்லு" என்றாள். "எந்தச் சட்டை போட்டிருந்தாவ?"

"கட்டம் போட்டது."

"ஒடம்பு எப்பிடி இருந்தது?"

"நல்லா இருந்தாவ மைனி. கன்னமெல்லாம் சதை வச்சு. ரோடு மேடு பாத்துக்கிடுங்க, எந்திரிச்சு நின்னு மிதிச்சுக்கிட்டுப் போனாவ."

"மூச்சு வாங்குச்சா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

சண்முகக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே கொண்டல் கொடியில் கிடந்த துணிகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆவுடை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூடிய இமைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வாங்கல மைனி" என்றாள் சண்முகக்கனி. "பாடிக்கிட்டே போனாவ."